மூக்கைத் தூக்கும் படகு

அந்த ரிமோட் படகு இரண்டாவது முறையாக எங்கள் கடைக்கு வந்தபோது அதன் வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கிக்கொண்டிருந்தது. கொண்டுவந்தவரின் சட்டையும் நனைந்திருந்தது.

நோர்வூட் பஜாரில் நானும் என் கணவரும் டிவி, ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தோம். நுவரெலியாவில் சீசன் முடிந்து, கொழும்புக்காரர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பிக்கொண்டிருந்த நாட்கள். படகுக்காரரும் அப்படிச் சீசனுக்கு வந்தவர்தான். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலேயுள்ள ஒரு பங்களாவில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். காலையில் கருகிய வயரை மாற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். மாற்றிக் கொடுத்தோம். மாலையே திரும்பி வந்து படகை மேசைமேல் வைத்தார்.

"எபா மட்ட. தியாகன்ன" என்றார் சிங்களத்தில். அவருக்கு வேண்டாமாம், நாங்களே வைத்துக்கொள்ளலாமாம். ரிமோட், பட்டரி, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு பையோடு தந்துவிட்டு, தலை துவட்டக் கொடுத்த துவாயைக்கூட வாங்காமல் வேனில் ஏறிவிட்டார்.

அப்படி ஒரு படகை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வைத்துப் பார்த்தால் அதைவிடக் கொஞ்சம் நீளம். மஞ்சள் நிறம். இரண்டு பக்கமும் ஒல்லியான இரண்டு மிதவைகள். அவற்றுக்கு நடுவே அடிப்பாகத்தில் முன்னிருந்து பின்வரை ஒரு வெற்றிடம், சுரங்கம் மாதிரி. அதனால்தான் அதற்கு டனல் போட் என்று பெயர். மோட்டர் உள்ளே இல்லை. வாலில் வெளியே தொங்கியது. படகு வேகமெடுக்கும்போது அந்தச் சுரங்கத்துக்குள் காற்று புகுந்து படகைச் சற்றே தூக்கிவிடும். தூக்கினால் தண்ணீரின் பிடி குறையும், வேகம் கூடும். கூடிப்போனால் காற்று படகையே எடுத்துப் பின்பக்கமாகக் கவிழ்த்துவிடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது அதன் மூக்கு உடைந்து ஒட்டப்பட்டிருந்ததும், பின்பக்கம் ஒரு மிதவையின் முனை பெயர்ந்திருந்ததும்தான்.

என் கணவர் அந்த முனையை ரெசின் பூசி அழகாகக் கட்டினார். உள்ளே இருந்த சர்க்கிட்டைக் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேராக நீர்த்தேக்கத்துக்குப் போனோம். மூன்றாவது ஆள், எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த டீச்சர். யாழ்ப்பாணப் பக்கம் ஊர். சண்டை நின்று பாதை திறந்த பிறகு எங்கள் பக்கத்துப் பாடசாலைக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தவர். எங்கள் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போடுவார், அதற்குமேல் ஒரு சால்வை. ஊருக்குப் போய்வருவதென்றால் பஸ்ஸிலேயே விடுமுறை தீர்ந்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்தார்.

ரிமோட்டைக் கணவர்தான் பிடித்தார். மெதுவாக விட்டால் வாத்து மாதிரிப் போனது. விசையை முழுதாக அழுத்தினார். படகு ஒரு சீறலோடு கிளம்பி, காற்றுக்கு எதிராகக் கொஞ்ச தூரம் பறந்தது. பிறகு மூக்கைத் தூக்கியது. அடிவயிறு முழுவதும் எங்களுக்குத் தெரிந்தது. அப்படியே மல்லாந்து விழுந்து கிடந்தது.

அவர் கையோடு கொண்டுபோயிருந்த லொறி டியூபில் படுத்துக் கையால் துடுப்புப் போட்டுப் போய் எடுத்துவந்தார். காசல்ரீ தண்ணீர் ஏப்ரலிலும் எலும்பைத் தொடும். மறுபடி விட்டார், மறுபடி மல்லாந்தது. மூன்றாவது முறை போய்வந்தபோது அவர் உதடு நீலமாகியிருந்தது.

"இது பொரளுறதுக்குன்னே செஞ்ச சாமான். மோட்டரக் கழட்டி எடுத்துக்கிட்டு மிச்சத்தத் தூக்கிப் போட்டுருவோம்" என்றார்.

"வேணாங்க. என்கிட்ட குடுங்க."

"நீ என்ன செய்யப்போற?"

"பொரளாம ஓட்டப்போறேன்."

அவர் சிரித்தார். குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்த சிரிப்பு, அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பில்தான் என் பிடிவாதம் இறுகியது. டவலை அவர்மேல் போர்த்திவிட்டு, படகை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

முதல் யோசனை டீச்சருடையது. "அக்கா, முன்னுக்குப் பாரம் காணாது போலை. மூக்கிலை பாரத்தைக் கட்டினால் எழும்பாதுதானே?" எனக்கும் சரியாகத்தான் பட்டது. தூண்டில்காரர்கள் கட்டுகிற ஈயக் குண்டுகள் வாங்கி மூக்குக்குள் டேப் போட்டு ஒட்டினோம். படகு கவிழ்ந்தாலும் முழுகாதிருக்க, டிவிப் பெட்டிகளில் அடைத்து வருகிற, மிதக்கிற வெள்ளை ரெஜிபோமைத் துண்டுதுண்டாக வெட்டி உள்ளே திணித்தேன். கணவரை இனித் தண்ணீரில் இறக்குவதில்லை என்றும் முடிவெடுத்தேன். ஒரு டென்னிஸ் பந்தில் தூண்டில் நரம்பைக் கட்டிக்கொண்டோம். கவிழ்ந்த படகுக்கு அப்பால் பந்தை எறிந்து, நரம்பைச் சுருட்டினால் படகு சிக்கிக்கொண்டு கரைக்கு வரும். நான் எறிந்தால் பந்து தேயிலைக்குள் போகும். டீச்சர் படிக்கிற காலத்தில் வலைப்பந்து ஆடியவர். சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு எறிந்தாரென்றால் சொன்ன இடத்தில் விழும்.

ஈயம் கட்டிய படகு மூக்கைத் தூக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீரை உழுதுகொண்டு போனது. எருமை நீந்துவது மாதிரி. திருப்பியதும் பாரமான மூக்கு தண்ணீருக்குள் குத்தி நின்றுவிட, வால் சுற்றிக்கொண்டு வந்து, பக்கவாட்டில் உருண்டது.

"என்ரை கணக்குப் பிழைச்சுப் போச்சு" என்று பந்தை எடுத்தார் டீச்சர்.

"கணக்கு சரிதான் டீச்சர். பாரந்தான் வேணாம்."

பழுதான டிவியில் ஒரே நேரத்தில் இரண்டு பாகத்தை மாற்றக்கூடாது. படம் வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. கடையில் எனக்குக் கை பழகிய வழக்கம் அது. படகையும் அப்படித்தான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரு தடவைக்கு ஒன்று.

ஈயத்தைக் கழற்றினேன். இரண்டு கட்டைவிரல்களையும் இரண்டு பக்கத்து அடியில் கொடுத்துப் படகைத் தூக்கிப் பார்த்தேன். வால்பக்கம் தொங்கியது. படகிலேயே பாரமான பொருள் பட்டரிதான். அது மோட்டரை ஒட்டி, கடைசியில் இருந்தது. புதிதாகப் பாரம் கட்டுவதை விட்டுவிட்டு, இருக்கிற பாரத்தை நகர்த்தலாமே என்று தோன்றியது. பட்டரியை விரலளவு விரலளவாக முன்னால் தள்ளித் தள்ளி, வாலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரலைக் கொடுத்தால் படகு கிடையாக நிற்கும்வரை கொண்டுவந்தேன். அந்த இடத்தில் பட்டரிக்கு ஒரு பட்டி தைத்து இறுக்கினேன்.

அந்த ஞாயிறு படகு நன்றாக வேகமெடுத்தது. முன்னைவிட நெடுந்தூரம் போன பிறகே மூக்கைத் தூக்கிக் கவிழ்ந்தது. நான் கைதட்டினேன். கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கவுந்ததுக்கா கை தட்டுற?"

"லேட்டாக் கவுந்துச்சுங்க."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையில் பொழுது விடிவதும் தெரியாது, சாய்வதும் தெரியாது. நீர்த்தேக்கம் நிரம்பிச் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. படகைக் கண்ணாடி மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்தவர்களும் பார்த்தார்கள். "புள்ளைக்கு வாங்குனதுங்களா?" என்று கேட்டவர்களிடம் "எனக்கு" என்றேன்.

ஒருநாள் பாடசாலை விட்டு வந்த டீச்சர் குடையை மடக்கிவிட்டுக் குனிந்து படகின் வாலைப் பார்த்தார். மோட்டரின் அடியில் தண்ணீரைத் தள்ளுகிற சின்ன விசிறி இருந்தது. அதன் தண்டு மேசைக்குச் சமமாக இல்லை; பின்நுனி மேல்நோக்கி இருந்தது.

"அக்கா, உது தண்ணியை எங்காலை தள்ளுது?"

"பின்னாலதான்."

"பின்னாலை மட்டுமில்லை. கொஞ்சம் மேலையும் தள்ளுது. தண்ணியை மேலை தள்ளினால் வால் கீழை போகும். வால் கீழை போனால்?"

"மூக்கு மேல வரும்" என்றேன். சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கொழும்புக்காரர் வேகத்துக்காக அப்படிச் சாய்த்து வைத்திருக்கிறார். மூக்கு கொஞ்சம் எழும்பினால் வேகம் கூடும்தான். படகு அதோடு நிற்காததுதான் சங்கடம்.

மோட்டரைப் பிடித்திருந்த தாங்கியில் சாய்வை மாற்ற ஒரு திருகாணி இருந்தது. தண்டு மேசைக்குச் சமமாக வரும்வரை திருகினேன். பிறகு இன்னும் அரைச் சுற்று, பின்நுனி ஒரு மயிரிழை கீழே பார்க்கும்படி.

மழை விட்ட முதல் ஞாயிறு விடிந்ததும் போனோம். காற்று எழும்பியிருக்கவில்லை. விசையை முழுதாக அழுத்தினேன். படகு மூக்கை லேசாக மட்டும் உயர்த்தி, நேராக, அக்கரையை நோக்கிப் போனது. போய்க்கொண்டேயிருந்தது. டீச்சர் "போகுது, போகுது" என்றார். வளைக்க வேண்டுமே என்று எனக்கு நினைவு வந்து வளைத்தபோது அது வலப்பக்கம் சாய்ந்து, உருண்டு கவிழ்ந்தது.

பந்தை எறிந்து படகை எடுத்து, மறுபடி விட்டேன். நேரே போகையில் நன்றாகத்தான் போனது. வளைத்தால் கவிழ்ந்தது. இந்தமுறை எனக்குச் சோர்வு வந்தது உண்மைதான். கரையில் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நேராப் போகுதுல்ல, அது போதாதா?"

"போதாதுங்க. வீட்டுக்குத் திரும்பி வரணும்ல."

குடித்து முடித்து, டீச்சரிடம் ரிமோட்டைக் கொடுத்து நேராக மட்டும் விடச் சொன்னேன். நான் கரையோரம் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தேன். படகு என் கண்மட்டத்தில் கடந்தது. இடது மிதவை கத்தி மாதிரித் தண்ணீரை வெட்டி விட்டுவிட்டுப் போனது. அதற்குப் பின்னால் ஒல்லியான வெள்ளைக் கோடு. வலது மிதவை தண்ணீரை விடவில்லை. தண்ணீர் அதன் பின்முனையில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் ஏறி, அகலமாக நுரைத்தது. நேராகப் போகும்போதே அந்தப் பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஸ்டீல் அடிமட்டத்தை வலது மிதவையின் அடியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அடிமட்டத்துக்கும் மிதவைக்கும் இடையில் நெடுக வெளிச்சம் தெரிந்தது, கடைசியில் மட்டும் இல்லை. கணவர் ரெசின் பூசிக் கட்டிய முனை கொஞ்சம் புடைத்திருந்தது. பின்விளிம்பை அவர் மொழுமொழுவென்று உருட்டியும் விட்டிருந்தார். இடது மிதவையின் விளிம்போ கையை வெட்டுகிற கூர்மையில் இருந்தது.

"இதத் தேய்க்கணுங்க."

"எத? அதையா? எவ்வளவு அழகா உருட்டி வச்சிருக்கேன்."

"அழகு தண்ணிக்குத் தெரியாதுங்க. உருண்டையா இருந்தா ஒட்டிக்கிட்டு விட மாட்டேங்குது. கூரா இருந்தா விட்டுருது."

"அப்ப நான் செஞ்ச வேலையாலதான் கவுந்துச்சுங்கிற?"

"முன்னாடி கவுந்தது அதால இல்ல. இப்பக் கவுறது அதால."

அவர் எழுந்து போய்விட்டார். அன்று மத்தியானம் சோறு போட்டேன். கறி போதுமா என்று கேட்டதற்குக் கையை மட்டும் அசைத்தார். நான் ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்கத் தொடங்கினேன். தேய்க்கத் தேய்க்க அடிப்பாகம் கோணலானது. கட்டையே நேராக இல்லை. மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது என் மேசைமேல் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. அதன்மேல் உப்புத்தாள் சுருக்கமில்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ரேடியோவைத் திறந்துகொண்டிருந்தார்.

"கண்ணாடிதான் நேரா இருக்கும்" என்றார் திரும்பாமலே.

படகை அதன்மேல் வைத்து இருவருமாகத் தேய்த்தோம். அவர் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், நான் பின்பக்கம். அடிமட்டத்துக்கும் மிதவைக்கும் இடையில் எங்கும் வெளிச்சம் தெரியாமல் போகும்வரை தேய்த்தோம். பின்விளிம்பில் விரலை வைத்துப் பார்த்த அவர், "ரத்தம் வந்துரும் போல" என்று கையை எடுத்தார். அது போதும் என்று நிறுத்தினேன்.

வளைவுக்காக இன்னும் இரண்டு காரியம் செய்தேன், வெவ்வேறு வாரங்களில். முதலில், மோட்டரைத் திருப்புகிற கம்பியை, அதை இழுக்கும் சின்ன நெம்புகோலின் உள்பக்கத் துளைக்கு மாற்றினேன். இப்போது நான் எவ்வளவு திருகினாலும் மோட்டர் முன்பு திரும்பியதில் பாதிதான் திரும்பும். பிறகு, கெட்டுப்போன ஒரு டிவியின் உள்தகட்டை வெட்டி, கத்தி மாதிரிக் கூராக்கி, வலது மிதவையின் பக்கத்தில் கீழ்நோக்கிப் பொருத்தினேன். வலப்பக்கம் வளையும்போது அந்தத் தகடு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். படகு வழுக்கிக்கொண்டு போகாது. அதன்பின் வலப்பக்கமாகவே சுற்றப் பழகிக்கொண்டேன்.

இனி மிச்சம் காற்று. காற்றில்லாத விடிகாலையில் ஓட்டுவதைத்தான் அதுவரை செய்துகொண்டிருந்தேன். அது எனக்குத் திருப்தியாக இல்லை. ஒரு ஞாயிறு வேண்டுமென்றே பத்து மணிக்குமேல் போனேன். நீர்த்தேக்கத்தில் சின்னச் சின்ன அலை நொறுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வேணாம் புள்ள. இவ்வளவு பாடுபட்டுட்டு ஒடச்சிறாத" என்றார் கணவர்.

"காத்துக்குப் பயந்தா மழைக்கும் பயப்படணும். அப்புறம் இந்த ஊர்ல எப்பத்தான் ஓட்டுறது?"

ஞாயிற்றுக்கிழமையும் அன்றாடக் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் சிலர் கூடையோடு பாதையில் நின்றார்கள். "என்ன தங்கச்சி, கப்பல் விடுறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். கூடைகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

காற்று போகும் திசையில் முதல் ஓட்டம். முழு விசை. படகு அலைமேல் தட்டித் தட்டிப் போனது, மூக்கு அடங்கியிருந்தது. தூரத்தில் வலப்பக்கம் வளைத்தேன், தகடு பிடித்தது. இப்போது எதிர்க்காற்று. அரை விசையில் கொண்டுவந்தேன். எங்களைத் தாண்டிப் போய், மறுபடி வளைந்து, மறுபடி வந்தது. பெண்கள் ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"இவ்வளவுதான் வேகமா?" என்றாள் முதலில் கேட்டவள்.

எதிர்க்காற்றில் விசையை முழுதாக அழுத்தினேன்.

மூக்கு எழும்பியது. இரண்டு மிதவைகளுக்கும் அடியில் வெளிச்சம் தெரிந்தது. வாலின் நுனி மட்டும்தான் தண்ணீரில் இருந்தது. "போச்சு" என்றார் கணவர். என் விரல் முன்பெல்லாம் இந்த இடத்தில் மரத்துப்போய் அழுத்தியபடியே நின்றுவிடும். இப்போது அதைக் கொஞ்சம் இளக்கினேன், முழுதாக விடாமல். முழுதாக விட்டால் மூக்கு குத்தும். படகு காற்றில் ஒரு கணம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, இரண்டு மிதவைகளையும் ஒன்றாகத் தண்ணீரில் வைத்தது. வைத்துக்கொண்டு ஓடியது. மறுபடி அழுத்தினேன். மறுபடி எழும்பியது, இளக்கினேன், இறங்கியது. பட்டரி களைத்துப் படகு தானாக மெதுவாகும்வரை அப்படியே சுற்றினேன். பந்தை எறியத் தேவை வரவில்லை. செருப்பு நனைய இறங்கி, கையால் எடுத்தேன்.

பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு எழும்பினார்கள். "அடுத்த ஞாயித்துக்கெழமயும் விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கணவர் படகை வாங்கித் திருப்பி, அடிப்பாகத்தைத் துணியால் துடைத்தார். பிறகு, "அந்த எதிர்க்காத்துல எனக்கு நெஞ்சு நின்னுருச்சு" என்றார்.

"எனக்குந்தாங்க."

அடுத்த ஞாயிறு அதே பெண்கள் வந்திருந்தார்கள், இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு. காற்று அதைவிட அதிகம். இரண்டாவது சுற்றிலேயே படகு மூக்கைத் தூக்கி, எல்லோரும் பார்த்திருக்க மல்லாந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. முன்பெல்லாம் அது கவிழ்ந்தால் ஏன் என்று தெரியாது. இன்றைக்குத் தெரிந்தது.

"எங்கை அக்கா பிழை?" என்று சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டே கேட்டார் டீச்சர்.

"வெரல்லதான். லேட்டா எளக்கிட்டேன். காத்து இவ்வளவு இருந்தா பட்டரியையும் இன்னொரு வெரல் முன்னால தள்ளணும்."

"அப்ப தள்ளுவம்" என்று பந்தை எறிந்தார்.